வந்தவரும் வாழ்ந்தவரும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

ஆண்டுதோறும் இம்மேடையில் வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் அறிஞர் பலர் உரையாற்றக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு எமக்கு இடப்பட்ட பணி சற்று வேறானது. நாம் குடியிருந்து, உழைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து வரும் இக்கூர்ஜர நாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுமாறு செயலாளர் பணித்தார். மெட்ரிகுலேஷன் வரை படித்து, நாள்முழுதும் பேரேடுகளோடு பழகும் எம்மிடம் ஆராய்ச்சியை எவரும் எதிர்பார்க்க வேண்டா. கற்றறிந்தோர் நூல்களில் கண்டவற்றைத் தொகுத்து உங்கள் முன் வைக்கிறோம், குறையிருப்பின் பொறுத்தருள்க.

இந்நாட்டுக்குக் கடல்வழி வந்தவர் பலர். அரபியர் வந்தனர், பாரசீகர் வந்தனர், அபிசீனியர் வந்தனர், போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வந்தனர். நிலவழியே தில்லியின் படைகள் வந்தன. இவருள் சிலர் இம்மண்ணின் மக்களாகவே ஆகிவிட்டனர். சிலர் இதனைக் கொள்முதல் செய்யும் இடமாக மட்டுமே கருதியிருந்து, பின்னர் ஆண்டு, இறுதியில் நீங்கினர். வந்தவர் எவ்வாறு வாழ்ந்தவர் ஆகின்றனர்? இவ்வினாவைக் கைவிளக்காகக் கொண்டு இந்நாட்டின் கதையைக் காண்போம். நாமும் வந்தவரே ஆதலின், இவ்வினா நமக்கும் உரியதே.

எதிர்சென்று அழைத்த கரை

கம்பாத்து வளைகுடா உலகிலேயே ஏற்றவற்றம் மிகுந்த கடற்பகுதிகளுள் ஒன்று. ஓதம் ஏறும்பொழுது வெள்ளம் குதிரை வேகத்தில் பாயும். வடியும்பொழுது மரக்கலம் சேற்றில் அமர்ந்துவிடும். ஆற்று மணலோ ஆண்டுக்காண்டு துறைகளைத் தூர்க்கும். இத்தகைய கடலில் அயலார் ஒருவர் தாமாகக் கலம் செலுத்தி வருதல் அரிது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்புளூசு’ என்னும் கடற்செலவு நூல் ஒரு செய்தியைக் கூறுகிறது. நருமதை முகத்திலிருந்த பரிகசா, அதாவது இன்றைய பரூச் நகருக்குக் கலங்கள் வரும்பொழுது, அரசன் பணியிலிருந்த உள்ளூர் மீனவர் பெரும்படகுகளில் வளைகுடாவின் வாயில்வரை எதிர்சென்று, அயல்நாட்டுக் கலங்களைக் கயிற்றால் இழுத்தும் வழிகாட்டியும் அழைத்து வருவராம்.

இந்நாட்டின் செல்வத்துக்கு வேர் இதுவே. வந்தவனை எதிர்சென்று அழைத்தவர் இக்கரையினர். நம் காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசுவோர் கலந்து இனிது வாழ்ந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறதன்றோ? அத்தகைய துறைகள் இங்கும் இருந்தன.

அரபு நாட்டில் இசுலாம் தோன்றிய பின்னர் அரபு வணிகர் வரவு பெருகிற்று. இராட்டிரகூட மன்னர் தம் நாட்டில் முசுலிம்களை நன்கு நடத்தினர் என்று அக்கால அரபு எழுத்தாளர் பலர் புகழ்ந்துள்ளனர். அஃது அரபியரின் முகமன் மொழி என்று தள்ளுவதற்கில்லை. செப்பேட்டுச் சான்று உண்டு. பம்பாய் செல்லும் வண்டியில் வாபியைக் கடந்ததும் சஞ்சான் என்றொரு நிலையம் வரும். பெரும்பாலான விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. நாமும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அச்சஞ்சான் பகுதியை இராட்டிரகூடர் சார்பில் ஆண்டவர் ஓர் அரபியர். முகம்மது என்ற அவர் பெயரை வடமொழிச் செப்பேடு ‘மதுமதி’ என்று எழுதுகிறது. சிஞ்சணி என்னுமிடத்தில் கிடைத்த 926-ஆம் ஆண்டுச் செப்பேடு அது. ஓர் அந்தணர் தேவிக்கு மடம் எழுப்ப, அம்மடத்துக்கு இவ்வரபியர் ஊரும் நிலமும் வழங்கினார் என்றும், ஆற்றைக் கடப்போருக்குக் கட்டணமில்லா ஓடமும், வழிப்போக்கருக்குச் சோறும் நெய்யும் இடும் அறச்சாலையும் அமைத்தார் என்றும் அது கூறுகிறது. பாரசீகத்திலிருந்து வந்த பார்சி மக்கள் முதலில் குடியேறியதும் அச்சஞ்சானிலேயே என்பது அவர்தம் மரபு.

கடல்நீர்க் குடம்

மதுமதிக்குப் பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, சோலங்கி மரபில் வந்த சித்தராச செயசிங்கன் அன்கில்வாடாவிலிருந்து ஆண்டான். அவன் காலத்துக் கதை ஒன்றைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் முகம்மது ஊஃபி என்ற பாரசீக நூலாசிரியர் எழுதி வைத்துள்ளார்.

கம்பாத்துத் துறைமுகத்தில் முசுலிம் வணிகருக்கு ஒரு பள்ளிவாசல் இருந்தது. சிலரது தூண்டுதலால் ஒரு கூட்டம் அதனைத் தாக்கி எரித்தது, எண்பதுபேர் மாண்டனர். உயிர் தப்பிய அலி என்னும் பள்ளிவாசற் பேச்சாளர் தலைநகருக்கு ஓடினார். அரண்மனையில் அவர் முறையீட்டைச் செவிமடுப்பார் எவருமிலர். அரசன் வேட்டைக்குச் செல்லும் நாளறிந்து, காட்டில் ஒரு மரத்தடியில் காத்திருந்து, யானைமேல் வந்த அரசனிடம் தம் முறையீட்டை நாட்டுமொழியில் செய்யுளாக்கிக் கொடுத்தார்.

அரசன் என்ன செய்தான்? மூன்று நாள் அந்தப்புரத்தில் தங்கப் போவதாக அமைச்சரிடம் கூறிவிட்டு, அன்றிரவே ஒட்டகத்தில் ஏறிக் கம்பாத்துக்கு விரைந்தான். வணிகன் வேடத்தில் கடைத்தெருவெங்கும் திரிந்து நடந்ததை விசாரித்தான். திரும்புகையில் ஒரு குடத்தில் கடல்நீரை முகந்து வந்தான். மறுநாள் அவை கூடிற்று. அலியின் கூற்றை மறுக்கச் சிலர் முற்பட்டபொழுது, அக்குடத்து நீரைப் பருகுமாறு அவர்களிடம் கொடுக்கச் செய்தான். வாயில் வைத்த அளவில் அது கடல்நீர் என்பது விளங்கிற்று. அரசன் நேரிற் சென்று வந்தான் என்பதும் விளங்கிற்று. சமய வேறுபாடு கலந்த வழக்கு ஆதலின் பிறர் சொல்லை நம்பாமல் தானே சென்றதாக அவன் கூறினான். குற்றமிழைத்த ஒவ்வொரு பிரிவினரிலும் தலைவர் இருவரைத் தண்டித்தான். பள்ளிவாசலை மீண்டும் எழுப்ப ஓர் இலக்கம் நாணயம் அளித்தான்.

இந்நாட்டில் எக்காலத்தும் ஒற்றுமையே நிலவியது என்று நாம் சொல்ல வரவில்லை. எண்பதுபேர் மாண்டதும் இதே கதையில்தான் உள்ளது. 1969-இலும் 2002-இலும் இந்நாடு கண்ட கலவரங்களை நம் காலனியின் மூத்தோர் அறிவர். தீ பற்றாத ஊர் உலகில் இல்லை. பற்றிய பின்னர் ஆள்வோன் யார் சொல்லை நம்பினான், எங்கே சென்று பார்த்தான் என்பதே வரலாறு கேட்கும் கேள்வி. அக்குடத்துக் கடல்நீர் இன்றும் கரிக்கிறது.

சோமநாதத்தின் இரண்டு நினைவுகள்

சோமநாதம் என்றதும் கசினி மாமூது 1026-ஆம் ஆண்டில் அக்கோயிலைச் சூறையாடியது நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நினைவுக்கு வரும். அது நடந்தது, மறுப்பாரில்லை. ஆனால் அதற்கு 238 ஆண்டுகள் கழித்து அதே ஊரில் நடந்த மற்றொன்றை நம்மில் எத்தனைபேர் அறிவர்?

1264-ஆம் ஆண்டில் ஓர்முசு நாட்டைச் சார்ந்த நூருதீன் பெரோசு என்னும் கப்பல் தலைவர், சோமநாதப் பட்டணத்துக்கு வெளியே நிலம் பெற்று ஒரு பள்ளிவாசல் கட்டினார். வாகேலா மன்னன் அர்ச்சுனதேவனின் ஆட்சிக்காலம் அது. அவ்வூர்ப் பெருமக்கள் நிலம்பெற உதவினர். சோமநாதக் கோயிலைச் சார்ந்த பாசுபதத் தலைவரும் உடனிருந்து இசைந்தார். வடமொழியிலும் அரபு மொழியிலும் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. வடமொழிக் கல்வெட்டு இசுலாமியரின் இறைவனை விசுவநாதன் என்றும் உருவிலி என்றும் இந்நாட்டார்க்கு விளங்கும் சொற்களால் வாழ்த்துகிறது. இசிரி, விக்கிரமம், வலபி, சிம்மம் என நான்கு ஆண்டுக் கணக்குகளையும் அடுத்தடுத்துக் குறிக்கிறது. பள்ளிவாசலின் விளக்கெண்ணெய்க்கும், தண்ணீருக்கும், தொழுகை நடத்துவோர்க்கும் ஓர் எண்ணெய்ச் செக்கின் வருவாயும் இரண்டு கடைகளின் வருவாயும் பிறவும் விடப்பட்டன. எஞ்சும் பொருள் மக்காவுக்கும் மதீனாவுக்கும் செல்லவேண்டும் என்பதும் அதில் உண்டு. அவ்வடமொழிக் கல் வேராவலில் ஓர் அம்மன் கோயிலில் காணப்பட்டது என்பது எண்ணி மகிழத்தக்கது.

சோமநாதத்து மக்களுக்குப் பழைய துயரம் மறந்திருக்காது. ஆயினும் வாளேந்தி வந்தவனையும் கலமேறி வந்தவனையும் அவர்கள் ஒன்றாக எண்ணவில்லை. ஒருவன் செய்த தீமைக்காக அவன் சமயத்தைச் சார்ந்த மற்றொருவனிடம் பழிதீர்க்க முற்படவில்லை. இரண்டு நினைவுகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவரே இந்நாட்டை அறிந்தவராவர்.

சுல்தான்களின் நகரம்

1299-இல் அலாவுதீன் கில்சியின் படைகள் கூர்ஜரத்தை வென்றன. அப்படையெடுப்பில் கம்பாத்திலிருந்து கொண்டு செல்லப்பட்ட அடிமையே மாலிக் காபூர். அவன் 1311-இல் படைத்தலைவனாக நம் மதுரை வரை வந்தான். கம்பாத்தின் கதை மதுரையின் கதையோடு இவ்வாறு ஒருமுறை முட்டிக் கொண்டது.

தில்லியின் பிடி தளர்ந்தபின் கூர்ஜரத்தில் தனிச் சுல்தான்கள் தோன்றினர். அவருள் அகமது சா 1411-இல் சபர்மதிக் கரையில் அகமதாபாத்தை நிறுவினார். 1424-இல் நிறைவுற்ற அந்நகரின் பெரிய பள்ளிவாசலைக் காண்க. தொழுவது அரபு மொழியில். தூண்களைச் செதுக்கியவை கூர்ஜரத்துச் சிற்பிகளின் கைகள். கோயில் தூண்களில் பழகிய உளியே அங்கும் பேசுகிறது. மரக்கிளையும் கொடியும் பின்னிய கற்பலகணியால் உலகப் புகழ்பெற்ற சிதி சையது பள்ளிவாசலை அமைத்தவரோ அபிசீனிய மரபினர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சிதி மக்கள் இன்றும் சௌராட்டிரத்தில் குசராத்தி பேசி வாழ்கின்றனர்.

சுல்தான்களின் காலத்தில் கம்பாத்துத் துறையின் வணிகம் மேற்கே ஏடன் வரையிலும் கிழக்கே மலாக்கா வரையிலும் கைநீட்டியிருந்தது. கூர்ஜரத்து அச்சுச் சீலைகள் எகிப்தில் பழைய கெய்ரோவின் இடிபாடுகளிற் கிடைத்துள்ளன. பாட்டன் நகரின் பட்டோலாப் பட்டு இந்தோனீசியத் தீவுகளில் அரசர் போற்றிய பொருள். கம்பாத்தில் செதுக்கிய சலவைக் கல்லறைக் கற்கள் சுமத்திராவிலும் சாவாவிலும் உள்ளன. மலாக்காத் துறைமுகத்தில் அயல்நாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு சாபந்தர்கள் இருந்தனர். ஒருவர் கூர்ஜர வணிகருக்கென்றே அமர்ந்தவர். மற்றொருவர் நம் தமிழ்க்கரை வணிகரையும் வங்காளத்தார், பெகு நாட்டார் முதலியோரையும் கவனித்தார். ஆகவே ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே குசராத்தியரும் தமிழரும் அயலூரில் அண்டைவீட்டார் என்க.

கடலுக்குச் சீட்டுக் கேட்டவர்

இக்கடலுக்குப் போர்த்துகீசியர் வந்ததும் புதுவழக்கம் ஒன்று புகுந்தது. அதுவரை துறைமுகத்தில் சுங்கம் கேட்போர் இருந்தனர். நடுக்கடலுக்கு உரிமை கேட்டோர் இலர். போர்த்துகீசியரோ தம் அனுமதிச் சீட்டு இல்லாத கலங்களைப் பிடித்தனர், கொளுத்தினர். ‘கார்த்தாசு’ என்பது அச்சீட்டின் பெயர். அதனைப் பெற்ற கலம் அவர்தம் துறையில் நின்று தீர்வை செலுத்தியாக வேண்டும். 1509-இல் தியூ அருகே நடந்த கடற்போரில் எகிப்தியரும் கூர்ஜரத்தாரும் சேர்ந்த கடற்படையை அவர்கள் முறியடித்தனர். மொகலாய மன்னர் உமாயூனை எதிர்க்கத் துணைதேடிய சுல்தான் பகதூர் சா, 1535-இல் தியூவில் கோட்டை கட்ட அவர்களுக்கு இடங்கொடுத்தார். இரண்டே ஆண்டில், 1537-இல், அவர்களோடு நேர்ந்த கலகத்தில் அத்தியூக் கடலிலேயே மாண்டார். கோட்டையோ 1961 திசம்பர் வரை அவர்கள் கையில் இருந்தது. விருந்தினனுக்கு வீட்டில் இடங்கொடுக்கலாம். வீட்டினுள் அவன் மதில் எழுப்ப இடங்கொடுத்தால் வீடு யாருடையது?

சூரத்தின் ஏற்றமும் இறக்கமும்

1572, 1573-ஆம் ஆண்டுகளில் அக்பர் கூர்ஜரத்தை வென்றார். கம்பாத்துத் துறை தூர்ந்துவர, தபதிக் கரையிலிருந்த சூரத்து மொகலாயப் பேரரசின் தலையாய துறைமுகமாயிற்று. இந்தியாவெங்கணுமிருந்து மக்காவுக்குப் புனிதப் பயணம் செல்வோர் கப்பலேறிய இடமும் அதுவே. அவர் தங்குவதற்காக 1644-இல் கட்டப்பட்ட மொகலாயச் சத்திரம் இன்று சூரத்து மாநகராட்சியின் அலுவலகமாக உள்ளது. அடுத்தமுறை சூரத்து செல்வோர் அதனைக் காணத் தவற வேண்டா.

சூரத்தின் வாழ்வு ஓலையிலும் தாளிலும் எழுதிய சொல்லின்மேல் நின்றது. நாம் உண்டியல் என்று கூறும் உண்டிச் சீட்டே அது. சராபு ஒருவர் எழுதிய சீட்டைக் கொண்டு ஆக்ராவிலும் பிற நகரங்களிலும் பணம் பெறலாம். சமணரும் வைணவருமான வணியர் பணம் கொடுப்பர். போரா முசுலிம்கள் கப்பல் விடுவர். பார்சிகள் தரகு செய்வர். உள்நாட்டு நெசவாளர் துணி கொடுப்பர். சமணரான வீரசி வோரா ஆங்கிலக் கும்பெனிக்கே கடன் கொடுத்தார். போராச் செல்வர் அப்துல் கபூர், 1718-இல் இறக்கும்பொழுது, இந்தியக் கப்பலுடைமையாளருள் தலைசிறந்தவராய் விளங்கினார்.

இச்சொல்லின் மதிப்பு எதனால் குலைந்தது? மூன்று செய்திகளைக் குறிப்போம்.

முதலாவது, 1664-இலும் 1670-இலும் சிவாசியின் படைகள் சூரத்தைச் சூறையிட்டபொழுது, காக்க வேண்டியவர்கள் காக்கத் தவறினர். 1664-இல் நகரத் தலைவர் கோட்டைக்குள் புகுந்து கதவடைத்துக் கொண்டார்.

இரண்டாவது, 1669-இல் அந்நகரக் காசி ஒருவரின் மதமாற்ற நெருக்குதலையும் பணப்பறிப்பையும் பொறாத வணியர், ஏறத்தாழ எண்ணாயிரம்பேர், குடும்பத்தை விட்டுப் பரூச்சுக்கு வெளியேறினர். கடைகள் மூடின, நாணயச்சாலையும் சுங்கச்சாவடியும் அடைபட்டன, வீட்டுச் செலவுக்கும் பணம் கிடைக்கவில்லை. சில திங்களில் ஔரங்கசீபின் உறுதிமொழி பெற்றே அவர்கள் திரும்பினர். சித்தராசன் முகந்து வந்த கடல்நீரை இவ்விடத்தில் மீண்டும் நினைவுகூர்க. வந்தவனுக்கு நீதி மறுத்தாலும் ஊரானுக்கு நீதி மறுத்தாலும் துறைமுகம் ஒன்றுபோலவே வாடும்.

மூன்றாவது, பேரரசின் கை தளர்ந்தது. 1695-இல் மக்காவிலிருந்து திரும்பிய ‘கஞ்சி சவாய்’ என்னும் பேரரசுக் கப்பலை ஆங்கிலக் கொள்ளையன் எவரி கடலில் சூறையாடினான். பின்னர் உள்நாட்டு வழிகளும் பாதுகாப்பற்றுப் போயின. செல்வம் பாதுகாப்பைத் தேடிற்று. அது சென்று சேர்ந்த இடம் பம்பாய்.

பண்டகசாலை வாழ்வு

ஆங்கிலேயர் சூரத்துக்கு 1608-இல் ‘எக்டர்’ என்னும் கப்பலில் வந்தனர். 1612-இல் சுவாலிக் கடலில் போர்த்துகீசியரை எதிர்த்து நின்றனர். 1613-இல் அரச ஆணை பெற்றுப் பண்டகசாலை அமைத்தனர். வேண்டுகோளோடு வந்து, குனிந்து நின்று, வாடகை வீட்டில் தொடங்கியவர் அவர். அப்பண்டகசாலை வாழ்வைச் சற்று உற்று நோக்குவோம். கும்பெனியின் ஊழியர் யாவரும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்தனர். ஒரே பந்தியில் உண்டனர். தம் சமய வழிபாட்டைத் தமக்குள் நடத்தினர். இரவானால் வாயிற்கதவு அடைபடும். தரகர் வழியாகவே ஊரோடு பேசினர். சில ஆண்டுகள் பொருளீட்டித் தாயகம் திரும்புவதே அவர் கனவு. பலர் திரும்பவில்லை, நோய்க்கு இரையாயினர். ஆக்சென்டன் உடன்பிறந்தார் இருவரின் கல்லறை, மொகலாயப் பெருமக்களின் கல்லறைகளோடு போட்டியிடும் குவிமாடங்களோடு இன்றும் சூரத்தில் நிற்கிறது. ஊரார் உயிரோடிருந்தவரை அறிந்ததைவிட அவர்தம் கல்லறையை மிகுதியாக அறிந்தனர் போலும்.

கதவடைத்து வாழ்ந்ததொன்றே குற்றமாயின் அதனை மறந்துவிடலாம். மதிலுக்குள் இருந்தவர் படிப்படியே மதிலை விரிவாக்கினர். 1661-இல் போர்த்துகீசிய இளவரசியின் மணச்சீராக ஆங்கில மன்னர் பெற்ற பம்பாய்த் தீவு, 1668-இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகையில் கும்பெனி வசமாயிற்று. 1687-இல் தலைமையிடம் சூரத்தை விட்டு அங்கே சென்றது. 1736-இல் சூரத்துப் பார்சித் தச்சர் லவ்சி வாடியாவைக் கப்பல் கட்ட அங்கே அழைத்துக் கொண்டனர். 1759-இல் மொகலாயப் பேரரசர் பெயராலேயே சூரத்துக் கோட்டைக் காவலைக் கைப்பற்றினர். 1800-இல் நவாபுக்கு ஓய்வுத்தொகை எழுதி, நகராட்சி முழுவதையும் ஏற்றனர். பேரேடு எழுத வந்தவர் வரிப்பட்டியல் எழுதினர். 1844-இல் உப்புவரி உயர்ந்தபொழுது சூரத்து மக்கள் தெருவில் திரண்டு கிளர்ந்தனர். 86 ஆண்டுகளுக்குப் பின் தண்டிக் கடற்கரையில் எழுந்த உப்புக்குரலுக்கு அது முன்னோடியன்றோ?

இருப்புப்பாதை வந்தது

இரயில்வேக் குடும்பங்கள் கூடிய இவ்வவையில் இதனைக் கூறாமற் செல்லலாகாது. பம்பாய், பரோடா, மத்திய இந்திய இரயில்வே 1855-இல் அமைந்தது. அது முதலில் திறந்த பாதை சூரத்துக்கு எதிர்க்கரையிலுள்ள உத்திராணிலிருந்து அங்கலேசுவரம் வரை, 29 மைல், ஆண்டு 1860. 1863-இல் அகமதாபாத்தை அடைந்தது. 1864-இல் பம்பாயோடு இணைந்தது. அவ்வமயம் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து பஞ்சு வராமற் போகவே, பரூச்சுப் பஞ்சுக்கும் சூரத்துப் பஞ்சுக்கும் இலங்காசயரில் பொன்விலை. பஞ்சை உள்நாட்டிலிருந்து பம்பாய்க் கப்பலுக்கு இழுத்துச் செல்வதே அப்பாதையின் முதற்பணி. வண்டி ஓடத் தொடங்கியதும் பாய்மரத் தோணிகள் பொருளிழந்தன. கம்பாத்தும் பரூச்சும் கடலுக்கு முகம் திருப்பியிருந்த ஊர்கள். இருப்புப்பாதை அவற்றின் முகத்தை நிலத்துக்குத் திருப்பிற்று.

ஆயினும் பாதை இருவழியும் செல்லும். பஞ்சை ஏற்றிச் சென்ற அதே வண்டி எந்திரத்தையும் இறக்கிற்று. அப்பாதை அகமதாபாத்தை அடையுமுன்னரே, 1861-இல், இரண்சோட்லால் சோட்டாலால் அந்நகரின் முதல் நூற்பாலையைத் தொடங்கியிருந்தார். ஆலைகள் பெருகின, பல நாட்டார் தொழில் தேடி வந்தனர். 1951-இல் அவ்விரயில்வே மேற்கு இரயில்வேயின் பகுதியாயிற்று. நம்மை இவ்வூருக்குக் கொணர்ந்ததும் அப்பாதையே.

ஒரு வழக்கும் ஓர் ஆசிரமமும்

இசுலாம், வணிகம், அயலாட்சி என்னும் மூன்று நூல்களும் ஒரே முடிச்சில் சேர்ந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. போர்பந்தரைச் சார்ந்த மேமன் முசுலிம் வணிகர் தாதா அப்துல்லா, ஆங்கிலேயர் ஆண்ட நேட்டாலில் வணிகம் செய்தார். தம் வழக்கொன்றுக்காக 1893-இல் சொந்த ஊர் வழக்கறிஞர் ஒருவரை அங்கே அழைத்தார். அவ்விளைஞரே காந்தியடிகள். அங்கே அவர் கண்ட தொழிலாளருள் தமிழர் மிகப்பலர். அவர்க்காக அடிகள் தமிழ் கற்க முயன்றார். தில்லையாடிப் பெற்றோரின் மகள் வள்ளியம்மை அறப்போரில் சிறை சென்று 1914-இல் உயிர் நீத்தாள்.

1915 மே திங்களில் அடிகள் அகமதாபாத்தில் தம் முதல் ஆசிரமத்தைத் தொடங்கினார். ஆணும் பெண்ணுமாக அங்கிருந்தோர் ஏறத்தாழ இருபத்தைவர். அவருள் பதின்மூவர் தமிழர் என்று அடிகளே எழுதியுள்ளார்; ஐந்து தமிழ் இளைஞர் தென்னாப்பிரிக்காவிலிருந்தே உடன் வந்தவர். கூர்ஜர நாட்டின் புதுவரலாறு தொடங்கிய வீட்டில் பாதிப்பேர் நம்மவர்! இவ்வொரு செய்தியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

மதுரையைப் பார்ப்போம்

இங்கிருந்து நம் நாட்டுக்குச் சென்றவரும் உளர். மதுரையிலும் சேலத்திலும் கும்பகோணத்திலும் வாழும் சௌராட்டிரப் பெருமக்களின் முன்னோர் இந்நாட்டுப் பட்டு நெசவாளர். பல நூற்றாண்டுகளாக வீட்டில் தம் மொழியைக் காத்து, தெருவில் தமிழராகவே அவர்கள் வாழ்கின்றனர். தமிழ் உச்சரிப்புக்கு எடுத்துக்காட்டாக நாம் கூறும் பாடகர் டி. எம். சௌந்தரராசன் அவ்வினத்தவர். 2023 ஏப்பிரலில் சோமநாதத்தில் நடந்த சௌராட்டிர தமிழ்ச் சங்கமத்துக்கு அவ்வினத்தார் திரளாக வந்தனர். மதுரை அவர்களை வந்தவர் என்று கருதவில்லை. அவர்களும் மதுரையைக் கொள்முதல் இடமாகக் கருதவில்லை.

அன்பர்களே! நம் காலனியைச் சற்று எண்ணிப் பாருங்கள். மதில் இருக்கிறது, வாயிற்கதவு இருக்கிறது. நமக்குள்ளே உண்டு, நமக்குள்ளே விழாக் கொண்டாடி, ஊராரைப் பற்றி “இவர்கள் இப்படித்தான்” என்று நமக்குள்ளே பேசி, ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். இது வீடா, பண்டகசாலையா? தாயகம் திரும்பும் எண்ணம் தவறன்று. ஆனால் இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு இவ்வூரே சொந்த ஊர். அவர்களை நாம் மதிலுக்குள் வளர்த்தல் நன்றன்று.

ஆகவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கிறோம். ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்போடு பெரியவர்களுக்குக் குசராத்தி வகுப்பு ஒன்றும் நடத்துக. எழுத்தறிந்து கடைப்பலகை படிக்கும் அளவேனும் கற்போம். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளைச் சூரத்துச் சத்திரத்துக்கும், கம்பாத்துக்கும், அகமதாபாத்தின் ஆசிரமத்துக்கும் அழைத்துச் செல்க. பொங்கல் விழாவில் முன்வரிசை நாற்காலிகளை அண்டையிலுள்ள குசராத்தியருக்கும், போராக்களுக்கும், பார்சிகளுக்கும் ஒதுக்குக. அவர்தம் வீட்டு விழாக்களுக்கு நாமும் அழையாமலே அறிந்து செல்வோம்.

தமிழை விடுமாறு நாம் சொல்லவில்லை. மதுரைச் சௌராட்டிரர் தம் மொழியை விட்டாரல்லர். பார்சிகள் தம் நெருப்பை அணைத்தாரல்லர். சோமநாதத்துக் கல்லில் நான்கு ஆண்டுக்கணக்கும் அருகருகே நிற்கின்றன. தன்னுடையதை இழக்காமலே பிறர்க்குரியவராதல் இயலும் என்பதை இந்நாடு ஆயிரம் ஆண்டுகளாகக் காட்டி வருகிறது. அன்று அயல்நாட்டுக் கலங்களை எதிர்சென்று அழைத்து வந்த மீனவரின் கரை இது. அழைத்த கரையில் வாழக் கற்போமாக.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வாழ்க நமக்கு வாழ்வளித்த கூர்ஜர நாடு!